தீப்பொறியா, எண்ணெயா?

(குமரிக் கடலோரத்தில் மீனவர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தக் கரையில் அவுட்போர்டு எஞ்சின் பரவத் தொடங்கியது 1980களின் தொடக்கத்தில். அதற்கு முன்னால் பாயும் துடுப்பும்தான். அந்தக் காலத்து ஆட்களுக்குத் தங்கள் கட்டுமரத்தில் தெரியாத பொருள் என்று எதுவும் கிடையாது. பாய் கிழிந்தால் தைப்பார்கள், கட்டு அவிழ்ந்தால் கட்டுவார்கள், துடுப்பு ஒடிந்தால் வேறொன்றை வைத்துச் சமாளிப்பார்கள். எஞ்சின் வந்த பிறகு வேகம் வந்தது, தூரம் வந்தது, மீன்பாடும் கூடியது. ஆனால் வள்ளத்தில் இருப்பதிலேயே விலை கூடிய அந்தப் பொருளைப் பற்றிய அறிவு மட்டும் கரையில் உள்ள பட்டறைக்குப் போய்விட்டது. பட்டறைக்காரர்களை நான் குறை சொல்ல வரவில்லை. இந்தக் கரையில் கைத்திறன் உள்ள மெக்கானிக்குகள் பலர் உண்டு. எஞ்சின் நிற்பது கரையிலிருந்து பல மைல் தள்ளி, மெக்கானிக் இல்லாத இடத்தில் என்பதுதான் என் கவலை.

2017 நவம்பர் 30-ஆம் தேதியை இந்தக் கூட்டத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஓக்கிப் புயலுக்குப் பிறகு எச்சரிக்கைக் கருவி பற்றி, செய்தி பரப்பும் முறை பற்றி நிறையப் பேசினோம். பேச வேண்டியதுதான். ஆனால் எச்சரிக்கை சரியான நேரத்தில் வந்தாலும், திரும்பி ஓட எஞ்சின் கிளம்ப வேண்டும். ஆகவே எஞ்சினின் நோயறிதலை நான் உயிர்காப்புக் கல்வியின் ஒரு பாடமாகவே பார்க்கிறேன். நீச்சல் தெரிந்திருப்பது எவ்வளவு அவசியமோ, இதுவும் அவ்வளவு அவசியம்.

எஞ்சின் நின்றுவிட்டால் நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? கயிற்றை இழுக்கிறோம். கிளம்பவில்லை என்றால் இன்னும் வேகமாக இழுக்கிறோம். பிறகு பிளக்கை மாற்றுகிறோம். எப்படியோ இன்னொரு வள்ளம் கட்டி இழுத்துக் கரை சேர்த்த பிறகு, காயிலை மாற்றுகிறோம். அதற்கும் சரியாகாவிட்டால், தீப்பொறிக்கு மின்சாரம் சேர்த்துக் கொடுக்கும் சி.டி.ஐ. பெட்டியை மாற்றுகிறோம். கடைசியில் பார்த்தால் எண்ணெய்க் குழாயில் ஒரு சின்ன ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும். மாற்றிப் போட்ட பழைய சி.டி.ஐ. நன்றாகத்தான் இருந்திருக்கும், அதற்குக் கொடுத்த காசு திரும்பி வராது. அந்தக் காசு யாருடையது? பாதி நேரம் வட்டிக்கு வாங்கியது. அதைக் கட்டப்போவது, கூடையோடு சந்தைக்குப் போகும், இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதை நோயறிதல் என்று நாம் சொல்லிக்கொள்ளக் கூடாது. எது கெட்டது என்று தெரிந்த பிறகு மாற்றுவதுதான் பழுது பார்ப்பது.

நம்மிடம் பெரும்பாலும் இருப்பது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். அது ஓட மூன்று வேண்டும்: சரியான அளவில் கலந்த எண்ணெயும் (பெட்ரோல் அல்லது மண்ணெண்ணெய்) காற்றும், சரியான நேரத்தில் தீப்பொறி, சிலிண்டருக்குள் போதுமான அழுத்தம். அழுத்தம் பெரும்பாலும் மெதுவாகத்தான் குறையும். பிஸ்டன் பிடித்துக்கொண்டால் கயிற்றை இழுக்கும் கைக்கே தெரிந்துவிடும். ஆகவே ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் நடுக்கடலில் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை இரண்டுதான். தீப்பொறியா, எண்ணெயா? இந்த ஒரு கேள்விக்கு விடை கண்ட பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும்.

விடையின் பாதி, எஞ்சின் நின்ற விதத்திலேயே இருக்கிறது. தீப்பொறி போனால் சுவிட்சை அணைத்தது போலச் சட்டென்று நிற்கும். எண்ணெய் வராமல் போனால் உடனே நிற்காது. கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருப்பதைக் குடிக்கும், வேகம் தளரும், ஒருமுறை துள்ளும், மறுபடி தளரும், பிறகு அடங்கும். இரண்டு சிலிண்டர் உள்ள எஞ்சினில் ஒன்று மட்டும் வேலை செய்யாமல் போனால் நிற்காமல் பாதி பலத்தோடு முக்கிக்கொண்டு ஓடும். எஞ்சின் நின்ற அந்த நொடியில், ‘எப்படி நின்றது?’ என்று பின்னணியத்தில் எஞ்சின் அருகே இருப்பவரிடம் கேளுங்கள். ஐந்து நிமிடம் கழித்து, ஆளாளுக்குக் கயிற்றை இழுத்த பிறகு கேட்டால் அந்தச் சாட்சி கலைந்துபோயிருக்கும்.

அடுத்த சாட்சி, டாங்கிக்கும் எஞ்சினுக்கும் நடுவே குழாயில் இருக்கும் ரப்பர் பல்ப். எனக்கு இதன்மேல் தனி மரியாதை உண்டு. எந்த மீட்டரும் இல்லாமல் எண்ணெய்ப் பாதை முழுவதையும் கையாலேயே தொட்டுப் பார்க்க வைப்பது இதுதான். அதன்மேல் ஒரு அம்புக்குறி இருக்கும். அது எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். அம்பு மேலே பார்க்கும்படி பல்பைச் செங்குத்தாகப் பிடித்து அமுக்குங்கள். உள்ளே இருக்கும் வால்வுகள் அந்த நிலையில்தான் நன்றாக மூடும்.

பல்ப் உள்வாங்கிச் சப்பையாகிக் கிடந்தால், எஞ்சின் உறிஞ்சுகிறது, டாங்கியிலிருந்து வரவில்லை என்று பொருள். முதல் சந்தேகம், டாங்கி மூடியில் உள்ள காற்றுத் திருகு. அது மூடியிருந்தால் எண்ணெய் போகப்போக டாங்கிக்குள் வெற்றிடம் ஏற்பட்டு, சில நிமிடம் ஓடிய பிறகு எஞ்சின் நின்றுவிடும். மூடியைத் தளர்த்தினால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். எஞ்சின் உடனே கிளம்பும். காற்று வந்துகொண்டிருந்தும் பல்ப் சப்பையானால், டாங்கிக்குள் இருக்கும் உறிஞ்சுகுழாயின் வலையில் அடைப்பு. அல்லது குழாயின் உட்தோல் உரிந்து தொங்குகிறது.

பல்ப் எவ்வளவு அமுக்கினாலும் இறுகாமல் தொளதொளவென்று இருந்தால், எங்கோ காற்று புகுகிறது, அல்லது பல்பின் வால்வு போய்விட்டது, அல்லது கார்புரேட்டரின் மிதவை ஊசி மூடாமல் எண்ணெய் வழிந்துகொண்டே இருக்கிறது. வழிந்தால் எஞ்சின் மூடிக்குள் ஈரமும் வாசனையும் சொல்லிவிடும். ஈரமில்லை என்றால், குழாயை எஞ்சினோடு இணைக்கும் கனெக்டரில் உள்ள சின்ன ரப்பர் வளையத்தைப் பாருங்கள். எண்ணெய் ஒரு துளிகூட வெளியே கசியாமல், காற்று மட்டும் உள்ளே போகும் பழுது இது. அதனால்தான் பலரை ஏமாற்றுகிறது.

பல்ப் கல்போல் இறுகி, அப்படியே நின்றால், அதுவரை பாதை நன்றாக இருக்கிறது. இன்னொன்று: எஞ்சின் தளரும் நேரத்தில் ஒருவர் பல்பை அமுக்கிக்கொண்டே இருக்க, எஞ்சின் மறுபடி எழுந்து ஓடினால், எண்ணெய் பம்பின் மெல்லிய ரப்பர்த் தகடு பலமிழந்திருக்கலாம், இல்லையென்றால் அந்தப் பாதையில் காற்று. அந்தப் பம்பை இயக்குவது கிராங்க் அறையில் மாறிமாறி வரும் அழுத்தம். தகடு விறைத்தாலோ ஓட்டையானாலோ வேகமாக ஓடும்போது எண்ணெய் போதாது. அமுக்கிக்கொண்டே கரை வரை வந்துவிடலாம். எது கெட்டது என்றும் தெரியும், வீட்டுக்கும் வந்தாயிற்று!

இப்போது பிளக். எண்ணெயும் தீப்பொறியும் சந்திக்கும் இடம் அதுதான். ஆகவே இரண்டு பக்கத்துச் செய்தியும் அதில் எழுதியிருக்கும். கயிற்றைச் சிலமுறை இழுத்த பிறகு கழற்றிப் பாருங்கள். முனை உலர்ந்திருந்தால் எண்ணெய் வரவில்லை. நனைந்திருந்தால் எண்ணெய் வருகிறது, பற்றவில்லை. தீப்பொறி இல்லை, அல்லது சோக்கைப் போட்டுப்போட்டு எண்ணெய் மிஞ்சிவிட்டது. நன்றாக ஓடும் எஞ்சினின் பிளக் இளம் பழுப்பாக இருக்கும். கரிய பிசுபிசுப்பு என்றால் கலவையில் எண்ணெய் கூடுதல், அல்லது வலையை இழுத்துக்கொண்டு மணிக்கணக்கில் மெதுவாக ஓடியிருக்கிறது. வெள்ளையாக வெந்ததுபோல் இருந்தால் கலவையில் காற்று கூடுதல். அந்த எஞ்சின் பிஸ்டனைச் சுட்டுக்கொண்டிருக்கிறது, அதை அப்படியே ஓட்டக் கூடாது. முனையில் நீர்த்துளி நின்றால் தண்ணீர் எண்ணெயோடு வந்திருக்கிறது, அல்லது ஹெட் கேஸ்கெட் வழியாகக் கசிந்திருக்கிறது. கழற்றிய பிளக்கைத் துடைப்பதற்கு முன்னால் பாருங்கள். நம் கை முதலில் துடைக்கத்தான் போகும். அதைத் தடுக்கப் பழக வேண்டும்.

தீப்பொறி பார்ப்பதில் ஒரு கண்டிப்பு வேண்டும். பிளக்கைக் கழற்றி, வயர் முனையில் உள்ள கேப்பில் மாட்டி, அதன் இரும்பு உடலை எஞ்சின் உலோகத்தில் அழுத்தி வைத்த பிறகே கயிற்றை இழுக்க வேண்டும். பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அந்த ஓட்டையிலிருந்து எண்ணெய் ஆவி பீறிடும், அது பற்றிக்கொள்ளும். வள்ளத்தில் பெட்ரோல் சிந்தியிருந்தால் துடைத்து, காற்றாட விட்ட பிறகு பாருங்கள். கேப்பை எதிலும் மாட்டாமல் அந்தரத்தில் விட்டு இழுப்பது சி.டி.ஐ.க்குக் கேடு. வெளியில் மெலிதாகத் தெரியும் மஞ்சள் பொறியை நம்பிவிடாதீர்கள். சிலிண்டருக்குள் அழுத்தத்தில் அது தாண்டாது. இடைவெளியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பொறி சோதிக்கும் கருவி கடைகளில் கிடைக்கிறது; ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளியை நீலப் பொறி தாண்டினால் தெம்பாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே மண்ணெண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் கரையில் ‘தீப்பொறிப் பழுது’ என்று பட்டறைக்கு வருகிறவற்றில் பல உண்மையில் மண்ணெண்ணெய்ப் பழுதுகள். பெட்ரோலின் ஆவி மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் தீப்பற்றும். மண்ணெண்ணெய்க்கு 35 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதனால்தான் பெட்ரோலில் கிளப்பி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் நிறுத்தும்போது? நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்னால் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்த பிறகு நிறுத்த வேண்டும். அவசரத்தில் மண்ணெண்ணெயிலேயே நிறுத்தி, வலை போட்டு, மூன்று மணி நேரம் கழித்துக் கயிற்றை இழுத்தால், கிண்ணத்தில் இருப்பது ஆறிப்போன மண்ணெண்ணெய். அது பற்றாது. இழுக்க இழுக்கப் பிளக்கை நனைக்கும். நனைந்த பிளக்கில் பொறி வராது. ‘காயில் போச்சு’ என்று முடிவு கட்டிவிடுவோம். செய்ய வேண்டியது எளிது: கிண்ணத்தின் அடியில் உள்ள திருகைத் திறந்து மண்ணெண்ணெயை ஒரு பாத்திரத்தில் வடித்துவிட்டு, பெட்ரோலை ஏற்றி, உலர்ந்த பிளக்கைப் போட்டு இழுங்கள். ஒரு திருப்புளி போதும்.

மண்ணெண்ணெய் எஞ்சினில் கரி அதிகம் சேரும் என்பதும் உண்மை. எளிதில் தானாக வெடித்து எஞ்சினைத் தட்டவைக்கும் (நாக்கிங்) எண்ணெய் என்பதால் அந்த எஞ்சினின் அழுத்தமும் குறைவாகவே அமைக்கப்பட்டிருக்கிறது. எனவே பெட்ரோல் எஞ்சினின் பிளக்கை ‘அதுவும் இதுவும் ஒன்றுதான்’ என்று இதில் போடக் கூடாது. கையேட்டில் போட்டிருக்கும் எண், போட்டிருக்கும் இடைவெளி, இரண்டையும் கடைப்பிடியுங்கள்.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2023-லிருந்து நாட்டில் பரவிய, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது பங்க்குகளில் கிடைக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடல்காற்றில் கிடக்கும் அரை டாங்கிக்கு ஈரத்துக்குப் பஞ்சமா? ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால், எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து டாங்கியின் அடியில் தங்கிவிடும். பெட்ரோல் மேலே நிற்கும். நாம் கலந்த டூ-டி உயவு எண்ணெய் எங்கே இருக்கும்? மேலே, பெட்ரோலோடு. உறிஞ்சுகுழாய் எங்கே இருக்கிறது? அடியில். ஆக எஞ்சின் குடிப்பது உயவு எண்ணெய் இல்லாத தண்ணீர்க் கலவை. அது வெறுமனே நின்றுபோனால் நமக்கு அதிர்ஷ்டம். சில நேரம் பிஸ்டனைப் பிடித்துக்கொண்டே நிற்கும். பெட்ரோலைத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். கலந்ததை வாரக்கணக்கில் வைக்காதீர்கள். சந்தேகம் வந்தால் கிண்ணத்திலிருந்து கண்ணாடிப் பாட்டிலில் வடித்து, ஆடாமல் வைத்துப் பாருங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டாங்கியையே காலி செய்ய வேண்டும். பழைய ரப்பர்க் குழாய்களும் பம்புத் தகடுகளும் எத்தனாலில் ஊறி இளகலாம். அவற்றையும் கவனியுங்கள்.

கார்புரேட்டரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது பலருக்கும் பழகியது. சோக்கைப் பாதி இழுத்தால் மட்டும் ஓடுகிறது என்றால் எண்ணெய் போதவில்லை. மெதுவாக ஓடும்போது மட்டும் நின்றால் சிறிய ஜெட்டில் அடைப்பு. பாரத்தோடு வேகம் எடுக்காவிட்டால் பெரிய ஜெட்டில். ஜெட்டை இரும்புக் கம்பியால் குத்தாதீர்கள். அந்த ஓட்டையின் அளவுதான் அதன் உயிர். காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

தீப்பொறி இல்லை என்று உறுதியானால் எங்கே தொடங்குவது? சிவப்புச் சுருள் கயிறு மாட்டும் ஸ்டாப் சுவிட்சில். சிரிக்காதீர்கள். ஃபிளைவீலின் காந்தம் சுழலும்போது சார்ஜ் காயிலில் மின்சாரம் பிறக்கிறது, சி.டி.ஐ.யில் உள்ள மின்தேக்கி அதை இருநூறு, முந்நூறு வோல்ட் அளவில் சேர்த்து வைக்கிறது. பல்சர் காயில் ‘இப்போது’ என்று சைகை கொடுத்ததும் அது இக்னிஷன் காயிலுக்குள் பாய்ந்து, பத்தாயிரக்கணக்கான வோல்ட்டாகப் பிளக்குக்குப் போகிறது. ஸ்டாப் சுவிட்சின் வேலை, அந்த மின்சாரத்தை எஞ்சின் உடலுக்கே திருப்பிவிடுவது. சுவிட்சுக்குள் உப்புநீர் புகுந்தால், யாரும் அணைக்காமலேயே அது அணைத்துவிடும். ஸ்டாப் வயரை மட்டும் கழற்றிவிட்டு இழுத்துப் பாருங்கள். பொறி வந்தால் குற்றவாளி சுவிட்சுதான். அப்படியே கரைக்கு வரலாம். ஆனால் அப்போது சுவிட்ச் எஞ்சினை நிறுத்தாது, சோக்கை முழுவதும் இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். சுருள் கயிறு கழன்று ஆள் விழுந்தாலும் எஞ்சின் நிற்காது என்பதை மறக்காமல், மெதுவாக வாருங்கள்.

இரண்டு சிலிண்டரிலும் பொறி இல்லையென்றால், இரண்டுக்கும் பொதுவானது எதுவோ அதில் தேடுங்கள்: சுவிட்ச், சார்ஜ் காயில், சி.டி.ஐ., உடலோடு சேரும் வயர். ஒன்றில் மட்டும் இல்லையென்றால், அந்தப் பக்கத்துக் காயில், கேப், பிளக். தனித்தனிக் காயில் உள்ள எஞ்சினில் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். பழுது காயிலோடு சேர்ந்து நகர்ந்தால் காயில்தான் என்பது உறுதி. புதிது வாங்காமலேயே தெரிந்துகொண்டோம். இன்னொன்று, களைத்த கையால் மெதுவாக இழுத்தால் சி.டி.ஐ.யில் பொறி பிறக்காது. ஆளை மாற்றி, வீச்சோடு இழுத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

காலையில் ஒழுங்காகக் கிளம்பி, அரை மணி ஓடிச் சூடானதும் சட்டென்று நின்று, ஆறிய பிறகு மறுபடி கிளம்பும் எஞ்சின்கள் உண்டு. பட்டறைக்கு வந்து சேரும்போது ஆறியிருக்கும். எல்லாம் நன்றாக இருப்பதாகவே தெரியும். ஃபிளைவீலுக்கு அடியில் உள்ள காயிலின் மெல்லிய கம்பி சூட்டில் விரிந்து தொடர்பு அறுபடுவது பெரும்பாலும் காரணம். இதைப் பிடிக்க, எஞ்சின் நின்ற அந்தச் சூட்டிலேயே பொறி பார்க்க வேண்டும். அதைச் செய்யக்கூடியவர் கடலில் இருக்கும் நீங்கள் மட்டும்தான். ‘சூட்டில் பொறி இல்லை, ஆறியதும் வந்தது’ என்று நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியம், மெக்கானிக்கின் ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

பொறி இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, அழுத்தமும் இருக்கிறது, ஆனால் கிளம்பவில்லை. இழுக்கும்போது கயிறு கையைத் திருப்பி உதைக்கிறது. அப்போது ஃபிளைவீலைக் கழற்றி, அரைவட்டச் சாவியைப் பாருங்கள். ஃபிளைவீல் நட்டு சரியான இறுக்கத்தில் இல்லாவிட்டால் அந்தச் சின்னச் சாவி நசுங்கி, ஃபிளைவீல் இடம் மாறி, பொறி தவறான நேரத்தில் வரும். நிறையப் புது உதிரிபாகங்களைத் தின்ற பழுது இது.

அலைவாயில் வள்ளம் கவிழ்ந்து எஞ்சின் உப்புநீர் குடித்துவிட்டால், ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று மணலில் போட்டுவிடாதீர்கள். பிளக்கைக் கழற்றி, நீரை வடித்து, நல்ல தண்ணீரால் கழுவி, சிலிண்டருக்குள் உயவு எண்ணெய் விட்டு, அன்றைக்கே தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஓடவிட வேண்டும். உப்பும் காற்றும் சேர்ந்தால் பேரிங் துருப்பிடிக்க ஓர் இரவு போதும். எந்த எஞ்சினையும் கரையில் தண்ணீர் இல்லாமல் ‘ஒரு நிமிடம்தானே’ என்று ஓட்டிப் பார்க்காதீர்கள்; குளிர்விக்கும் பம்பின் ரப்பர் இறக்கை உலர்ந்து ஓடிக் கிழிந்துவிடும்.

சங்கத் தலைவர்களிடம் ஒன்று கேட்டு முடிக்கிறேன். ஒவ்வொரு காயிலுக்கும் எத்தனை ஓம் இருக்க வேண்டும், எந்த நிற வயர் எங்கே போகிறது, பிளக் இடைவெளி எவ்வளவு என்பதெல்லாம் சர்வீஸ் புத்தகங்களில் அச்சிட்டிருக்கிறது. பெரும்பாலும் ஆங்கிலத்தில், பெரும்பாலும் விற்பனையாளரின் அலமாரியில். சாதாரண மல்டிமீட்டர் வைத்திருக்கும் எந்த இளைஞனும் அந்த எண்கள் கையில் இருந்தால் காயிலைச் சோதித்துவிட முடியும். எண் இல்லாமல் மீட்டரால் பயனில்லை. ஊரில் அதிகமாக ஓடும் நாலைந்து மாடல்களுக்காவது, அந்த அளவுகளும் வயர் படமும் தமிழில், தண்ணீர் புகாத உறை போட்ட ஒரே தாளில் ஒவ்வொரு வள்ளத்திலும் இருக்க வேண்டும். எஞ்சின் விற்கிறவர்களிடம் சங்கத்தின் பெயரில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். இந்தப் பருவத்தில் புது எஞ்சின் வாங்கப்போகிற வீடுகள், ரசீதோடு அந்தத் தாளும் வந்தால்தான் பணம் என்று சொல்லுங்கள்.